எட்டாம் காம்பரா எஸ்தர் அக்கா

பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் எஸ்தர் அக்கா போய்விட்டார். நான் அழவில்லை. அழுதால், "ஒனக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பார்கள். ஆறு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. கொழுந்து பறிக்கிறவர். கணவர் இறந்தபின் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். ஞாயிறு மாலை அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் ஜெபிப்போம். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு நானும் போய்விடுவேன்.

ஒரு ஐப்பசி மழையில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மாரியம்மன் கோபம் என்று பேச்சு கிளம்பி, கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை, பயந்துபோன மனிதர்கள்.

"ஜெபத்த விட்டுரும்மா. இல்லாட்டி காம்பராவ விட்டுரு," என்றார் தோட்டத் தலைவர்.

"போறதுக்கு எடம் ஏதுங்க? ஜெபத்தயும் விட மாட்டேன். ஒங்க பிள்ளைங்களுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்."

"ஒங்கூட யார் யாரு வாறாங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க."

அக்காவின் பார்வை என் பக்கம் திரும்பவே இல்லை. தலைவர்தான் என்னைக் கேட்டார். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க," என்றேன்.

அதன்பின் லயத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. பீலியில் அவர் குடம் எப்போதும் கடைசி. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; வேலையை விட்டால் போய்விடும். அவருக்கும் வேறு வழியில்லை, எனக்கும் இல்லை. என் காம்பராவுக்கும் அவருடையதுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். ஞாயிறு மாலை அவர் தனியாகப் பாடுவார். நான் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் தேயிலை மலையில், ஆளில்லாத இடம் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார்.

"நான் என்ன பெரிய தைரியசாலியா? எனக்குந்தான் கையும் காலும் நடுங்குது. நடுங்கிக்கிட்டே முழங்கால் போடு புள்ள. ஆண்டவரு வேணாம்னா சொல்லப்போறாரு?"

நேற்று அடக்கம் முடிந்தது. தலைவரும் மண்வெட்டியோடு வந்து குழி வெட்டினார். நான் அங்கேயும் தள்ளியே நின்றேன். இரவெல்லாம் தூக்கமில்லாமல் இதை எழுதினேன்.

அக்காவைத் தெரிந்தவர்களே, அந்தக் காம்பராவில் நானும் இருந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஞாயிறு மாலைதான். இனி ஜெபம் ஏழாம் காம்பராவில், என் வீட்டில். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டப்போகிறேன்.