பழுப்பாகிப்போன சிவப்புத் தண்ணீர்

காலையில் காப்பி கலந்துகொண்டிருந்தபோது செல்வநாயகியின் தம்பி ஊட்டியிலிருந்து கூப்பிட்டார். "அக்கா தவறிட்டாங்க டீச்சர். தூக்கத்துலயே." நான் அவரைத் திருத்தினேன்: "இருக்காது தம்பி. பத்து மணிக்கு இங்க குன்னூருக்கு வர்றதாச் சொல்லியிருக்காங்க." அவர் விம்மிய பிறகுதான் எனக்கு விளங்கியது. முந்தின மாலைதான் செல்வநாயகி, தேயிலைக் காம்பு சரியாகக் காயவில்லை என்று போனில் என்னைக் கடிந்திருந்தார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் எங்கள் இருவரிடமும் வேதியியல் படித்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு அவர், தேயிலை ஃபேக்டரி கழித்துப்போடும் காம்பையும் நாரையும் மூட்டையாக என் கார் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை அவை பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு.

திருப்பூரிலிருந்து ஒரு பட்டறைக்காரர் பார்க்க வந்தார். காம்பை அரைத்த தூளைக் குழாயில் அடைத்து, அவர் கொண்டுவந்த சிவப்புத் தண்ணீரை ஊற்றினோம். சிவப்பு போயிற்று. சொட்டியது நல்ல பழுப்பு.

"ஏனுங்க டீச்சர், சாயத்த எடுக்கறேன்னு டீ போட்டுட்டீங்களே! சர்க்கரை இருக்குதுங்களா?"

தேயிலைக்கு நடுவிலேயே வாழ்ந்தும், முதலில் அதன் சாயத்தை வெந்நீரில் கழுவி எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு முகம் சிவந்தது. செல்வநாயகிக்கு இல்லை. "சிரிச்சு முடிச்சாச்சில்லீங்க? மறுபடி எப்பத் தண்ணி கொண்டாறீங்க?"

அவர் கொண்டுவந்தார். பலமுறை. கடைசியில், சோதித்துப் பார்க்கப் பட்டறையிலேயே ஒரு தொட்டி தருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. அந்தச் சோதனை தோற்றால் வேறு யாரும் எங்களுக்குத் தொட்டி தரப்போவதில்லை. செவ்வாயன்று செல்வநாயகி இல்லை.

துக்கத்துக்கு வந்த பட்டறைக்காரர், "தள்ளி வெச்சுக்கலாங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். வியாழனன்று திருப்பூருக்குப் போகும்போது, பஸ் மலையிறங்கி பர்லியார் தாண்டும்வரை பக்கத்து இருக்கையில் பையை வைத்து, யாரையும் உட்காரவிடாமல் போனேன். அப்படிச் செய்கிறவள் அல்ல நான்.

தொட்டியிலிருந்து தண்ணீர் நிறமில்லாமல் வந்தது. பட்டறைக்காரர் கைகூப்பினார்.

"ஜெயிச்சாச்சுங்க டீச்சர்! ஓடையில விட்டுடலாங்களா?"

"நிறம் போனா விஷமும் போச்சுன்னு யார் சொன்னா? லேப் ரிசல்ட் வரட்டும். சாயம் ஏறின தூளையும் வெளிய கொட்டக் கூடாது."

அவர் என்னையே பார்த்தார். "அந்த டீச்சரும் இதையேதானுங்க சொல்லியிருப்பாங்க."

சொல்லியிருப்பார். சந்தோஷப்பட அவசரப்படாத அந்தக் கண்டிப்பைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். ரிசல்ட் அடுத்த வாரம் வரும். அதை முதலில் யாருக்குப் போன் செய்து சொல்வது என்றுதான் தெரியவில்லை.