குகன் பெயர் ஒட்டிய நோட்டு

மைதா மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கிளறி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சிய பசையின் புளிப்பும் கசப்பும் கலந்த வாசனை, எங்காவது சுவரொட்டி ஒட்டும் இடத்தைக் கடக்கும்போது மூக்கில் ஏறினால், என் விரல்கள் இன்றைக்கும் தாமாக ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. காய்ந்த பசையை உதிர்க்கிற பழக்கம் அது. தொண்ணூற்றொன்றாம் வருடத்துத் தீபாவளி முடிந்த வாரங்களில் என் விரல்களில் அந்தப் பசை இல்லாத நாளே கிடையாது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. பெங்களூரில் ஒக்கலிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தேன். ரயில்பாதையை ஒட்டிய ஷீட்டு வீட்டு வரிசையில் எங்கள் வீடு. அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வருடக் கடைசியில் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருக்கும் தாள்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, அப்பாவின் கோணி ஊசியாலும் சணல் நூலாலும் நடுவில் தைத்து, மேலே செய்தித்தாள் அட்டை ஒட்டி, அடுத்த வருடத்துக்கு "ரஃப் நோட்டு" ஆக்கிக்கொள்வோம். ஒரே நோட்டில் கோடு போட்ட தாள், போடாத தாள், கணக்குக் கட்டம் போட்ட தாள் எல்லாம் இருக்கும். கடையில் வாங்கிய நோட்டு வைத்திருந்த பிள்ளைகளைவிட, நன்றாகத் தைக்கத் தெரிந்தவளுக்குத்தான் எங்களிடம் மதிப்பு அதிகம்.

அந்த வருடம் தர்சினி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்து, பெரியம்மாவோடு எங்கள் வரிசைக்குக் குடிவந்தவள். நோட்டை அவள் "கொப்பி" என்பாள், ரப்பரை "அழிரப்பர்" என்பாள். முதல் வாரம் சிரித்தோம், இரண்டாம் வாரம் நாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டோம். அவளுடைய அம்மாவும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி குகனும் படகில் இடம் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். முகாமுக்குப் புதிதாக வந்த ஒருவர் பெரியம்மாவுக்குச் சொல்லியனுப்பிய செய்தியை அவள் இடைவேளையில் எங்களிடம் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லையாம். மாமரத்துக்குக் கீழதான் படிப்பாம். தம்பி கொப்பி இல்லாம மண்ணில எழுதிப்போட்டு அழிக்கிறானாம். எழுதினதை வீட்ட கொண்டுபோய் அம்மாட்டக் காட்டேலாம அழுகிறானாம்."

அழுவதற்கு எத்தனையோ காரணம் இருக்கிற ஊரில் அந்தப் பையன் இதற்காக அழுதான் என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. எனக்குச் சின்ன வயதிலேயே வாய் கொஞ்சம் நீளம். மறுநாளே வகுப்பில் பெண்களைச் சுற்றி நிறுத்தி, "எல்லாரும் நடுப்பக்கம் குடுங்கடி" என்று உத்தரவு போட்டேன். வருடக் கடைசி வரை காத்திருக்க முடியாது, நடப்பு நோட்டிலேயே நடுவில் பின்னைத் தளர்த்தி இரட்டைத் தாளாக உருவ வேண்டும் என்பது என் திட்டம். இரண்டு பென்சில் வைத்திருந்தவள் ஒருத்தியும் இல்லாததால், இருந்த ஒன்றை ஆளுக்கொரு பாதியாக ஒடித்துக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் வகுப்பு முழுக்க நோட்டுகள் மெலிந்து போய்விட்டன. "என்னடி, உங்க நோட்டுக்கெல்லாம் வயித்துப்போக்கா?" என்று சரோஜா டீச்சர் ஒருநாள் பிரம்பை எடுத்தார். அடி வாங்கினோம், யாரும் வாய் திறக்கவில்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த வாரம் என் பைக்குள் ஒரு பெட்டி சாக்கட்டி இருந்தது.

வாய் திறக்காததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட அந்த மே மாதத்துக்குப் பிறகு இலங்கை என்ற சொல்லையே எங்கள் வரிசையில் பெரியவர்கள் குரல் தாழ்த்தித்தான் சொன்னார்கள். என் திட்டம் காதில் விழுந்ததும் அப்பா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "ஸ்வல்ப வாயை மூடிக்கினு இருக்கியா? நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா அந்தப் பொண்ணையும் இட்டுனு போவான், என்னையும் இட்டுனு போவான். பொழைக்க வந்த ஊரும்மா இது." அவர் கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் பயந்துபோயிருந்தார், அதனால் சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைக் கடைசி வீட்டு கௌரம்மா ஆன்ட்டியின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

எங்கள் வரிசையில் அவர்களுடையது ஒன்றுதான் கன்னடக் குடும்பம். அவர்களுடைய மகள் மஞ்சுளா என் வயதுக்காரி, கன்னடப் பள்ளியில் படித்தாள். பேக்கரியில் கேட்டு வாங்கிய ரஸ்க் அட்டைப்பெட்டி அவர்கள் கட்டிலடியில் போய் உட்கார்ந்தது. ஸ்கூலில் எக்ஸிபிஷன் என்று ஆன்ட்டியிடம் சொல்லி வைத்தோம். மஞ்சுளா தன் பங்காகப் பாதிப் பென்சிலும், முதல் தாளில் கன்னட எழுத்துப் பதிந்த ஒரு நோட்டும் போட்டாள். நான் தைப்பேன், மஞ்சுளா பசை காய்ச்சுவாள், தர்சினி ஒவ்வொரு அட்டையிலும் லேபிள் ஒட்டித் தம்பியின் வகுப்புப் பிள்ளைகள் பெயரை நினைவிலிருந்து எழுதுவாள். சும்மா கொடுத்தால் போதாதா என்று கேட்டதற்கு, "பேர் இல்லாட்டி அது ஆற்றையும் கொப்பி இல்லை" என்றாள்; யாருடையதும் இல்லை என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். குகனுக்கான நோட்டை மட்டும் நான் இரட்டைத் தையல் போட்டேன். நல்ல கோடு போட்ட தாளாகப் பொறுக்கிச் சேர்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு என்று சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதியவளும் நான்தான்.

அம்மாவின் தம்பி முருகேசன் மாமா லாரி ஓட்டினார். ராமநாதபுரம் பக்கம் லோடு போகும்போது பெட்டியை முகாமில் கொடுத்துவிட்டால், மருந்துகளோடு சேர்த்து அக்கரைக்கு அனுப்ப வழி தெரிந்த ஒரு பாதிரியார் இருக்கிறார் என்று தர்சினியின் பெரியம்மா சொல்லியிருந்தார். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று கெஞ்சிக் கூத்தாடி மாமாவைச் சம்மதிக்க வைத்தோம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை லோடு ஏற்றுவதாக இருந்தார். சனிக்கிழமை வரவில்லை.

காவிரித் தண்ணீர்த் தகராறு அந்த வாரம் தெருவுக்கு வந்துவிட்டது. பந்த் என்றார்கள், கடைகள் மூடின. அம்மா சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்குள் திணித்தாள். கதவில் நான் சாக்கட்டியால் எழுதிவைத்த என் பெயரை ஈரத் துணியால் துடைத்தாள். "வெளிய யார்னா கேட்டா கன்னடத்துல பேசு, பேர் கேட்டா கலாவதின்னு சொல்லு, அப்பா பேரைச் சொல்லாத" என்றாள். பிறந்ததிலிருந்து நான் விளையாடிய சந்து அது. அங்கே நான் யாரென்று யாரிடம் மறைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா ஷெட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மத்தியானம் பாதையின் அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கௌரம்மா ஆன்ட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்து, "ஒளகெ பன்னி, பேக பன்னி" என்று உள்ளே வரச்சொல்லி இழுத்தார். அம்மா, நான், தர்சினி, அவள் பெரியம்மா எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டு, தான் மட்டும் வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தார். தர்சினியும் நானும் கட்டிலடியில் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தோம். அவள் என்னைக் குப்புறத் திருப்பி, "காதைப் பொத்து, வாயைத் திற. வாயைத் திறந்தாத்தான் காது கிழியாது" என்றாள். குண்டு விழும் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இங்கே குண்டு எதுவும் விழவில்லை, தகரம் வெடிக்கிற சத்தமும் புகையும்தான் வந்தன. ஆனாலும் வாயை ஆவென்று திறந்துகொண்டு, ரஸ்க் வாசனையும் புகையும் தொண்டைக்குள் போகப் போக, அப்படியே கிடந்தேன். அப்பா எங்கே, அப்பா எங்கே என்பதைத் தவிர என் தலையில் வேறொன்றும் இல்லை. வாசலில் சில ஆண் குரல்கள் ஏதோ கேட்டன. ஆன்ட்டி கன்னடத்தில் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டினார். முறத்தின் சத்தம் நிற்கவேயில்லை.

வெளியே வந்தபோது எங்கள் வரிசையில் அந்த ஒரு வீட்டுக்குத்தான் கூரை இருந்தது. அப்பா மறுநாள் வந்தார், கூட்ஸ் வண்டிப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தாராம். வந்தவர் எங்களைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முருகேசன் மாமாவின் லாரியை ஓசூர் ரோட்டில் கொளுத்திவிட்டார்கள். அவர் வயல்வழியாக நடந்து எல்லை தாண்டினார், பிறகு இந்த ஊர்ப் பக்கம் வண்டி ஓட்டவே வரவில்லை.

பள்ளி திறந்த அன்று வகுப்பில் பாதிப் பேருக்கு நோட்டும் இல்லை, பையும் இல்லை. பரீட்சை வருகிறது, எதில் எழுதுவது என்று சரோஜா டீச்சர் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னாலும் வெறும் பலகைதான். பெட்டியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேறு லாரி கிடைக்கும், வேறு யாராவது கொண்டுபோவார்கள் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். தர்சினிதான் எழுந்து, "டீச்சர், எங்களிட்ட இருக்கு" என்றாள்.

மஞ்சுளா பெட்டியைத் தலையில் சுமந்து வந்தாள். வழியில் யாராவது கேட்டால் தமிழ் வாடை இல்லாத கன்னடத்தில் பதில் சொல்ல அவளால்தான் முடியும். சிவப்பு எழுத்து வெளியே தெரியாமலிருக்க அந்தப் பக்கம் சாக்கைச் சுற்றியிருந்தாள். தர்சினி லேபிளில் இருந்த ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்தாள். சிலர் தாம் கொடுத்த தாளே தமக்குத் திரும்பி வந்ததைக் கண்டுபிடித்தார்கள். தனக்கும் ஒன்றை எடுத்துவைத்த பிறகு, கடைசியில் அவள் கையில் குகனின் நோட்டு மட்டும் இருந்தது. வகுப்பில் நோட்டு இல்லாமல் மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.

"எனக்கு வேணாம்" என்றேன். "தம்பிக்கு வெச்சுக்கோ."

"நீ எழுது" என்றாள். "வெறுங்கொப்பியை வச்சு நான் என்ன செய்யிறது?"

அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, பாதிப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். அந்த நோட்டில்தான் பின்னங்களும் வட்டிக் கணக்கும் போட்டேன். முதல் பக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டேன். லேபிளைக் கிழிக்க மனம் வராததால் அந்த வருடம் முழுக்க டீச்சர் என்னைக் குகன் என்று கூப்பிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். கோடை விடுமுறையில் தர்சினியும் பெரியம்மாவும் மறுபடி முகாமுக்குப் போகச் சொல்லப்பட்டுப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கிறேன். எங்கள் வரிசை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். தமிழ்ப் பள்ளியை மூடிவிட்டார்கள். கௌரம்மா ஆன்ட்டி இறந்தபோது மஞ்சுளாவோடு சேர்ந்து நானும் அழுதேன். ரஃப் நோட்டு தைக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் எங்கள் அப்பார்ட்மெண்டில் இல்லை, கோணி ஊசியைக் காட்டினால் என்னவென்று கேட்கிறார்கள். குகனின் நோட்டும் ஏதோ ஒரு வீடு மாற்றலில் பழைய பேப்பரோடு போய்விட்டது.

சென்ற வாரம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு புது அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு நாட்டில் போர், அங்கத்திய பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் போடுங்கள் என்று அறிவிப்பு. புதியதாக இருக்கட்டும், மேலே பெயர் எதுவும் எழுத வேண்டாம் என்று கீழே ஒரு வரி. என் மகள் கடையிலிருந்து வாங்கிய நோட்டுகளைப் போட்டுவிட்டு, "யாருக்கும்மா இது போகும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். குகனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும், இருந்தால்.