பிளசியின் தண்ணீர் பாட்டில்

அரூர்ப் பக்கம் மினிபஸ் கடைசியாகத் திரும்பும் ஊர் அது. அங்கிருக்கும் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகச் சத்துணவு சமைக்கிறாள் ஞானமேரி. கோபக்காரி. பருப்பில் வண்டு ஊர்ந்தால், மூட்டையை இறக்கிய ஆளையே திரும்பச் சுமக்க வைத்து அனுப்புவாள். தலைமையாசிரியர் சிவக்குமார்கூட அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். பிள்ளைகள் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வராது, முகம் வாடிவிடும். கணவன் போய்ச் சேர்ந்து, ஒரே மகனும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு, அவளுக்கென்று இருந்தது அந்த அடுப்பும் அந்தப் பிள்ளைகளும்தான்.

அவள் சேர்ந்த வருடம் எழுபது தட்டு. மழை ஏமாற்றிய ஒவ்வொரு வருடமும் குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப, இந்த வருடம் ஐந்து தட்டு. ஆய்வுக்கு வந்த அதிகாரி, இன்னும் ஒரு பிள்ளை குறைந்தால் ஜூன் மாதம் பள்ளியைப் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த வறட்சியில் இளநீர் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். அதிகாரிகளுக்கு எப்படியோ கிடைத்துவிடும்.

மாசி பிறந்ததும் பள்ளியின் போர்வெல்லில் வெறும் காற்றுதான் வந்தது. குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை. ஞானமேரி ஒரு வழி செய்தாள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதோடு அவள் வீட்டுக் குடத்துத் தண்ணீரும் சேர்ந்தால் சோறு வெந்துவிடும். சாப்பிட்டபின் குடிக்க ஆளுக்கு அரை டம்ளர் மிஞ்சும். பாட்டில் நிறையக் கொண்டுவரும் பிள்ளைக்கு முதல் முட்டை.

தினமும் முதல் முட்டை வாங்கியது பிளசி. மூன்றாம் வகுப்பு, மரிய ஆனந்தின் மகள். மூடியைத் திறந்தால் தளும்பும் அவள் பாட்டில்.

"எங்க மகராசி!" என்று ஞானமேரி கன்னத்தைக் கிள்ளுவாள்.

மரிய ஆனந்தும் பெங்களூருக்கு மூட்டை கட்டினான். செய்தி கேட்டதும் ஞானமேரி கரட்டு மேட்டில் இருந்த அவன் வீட்டுக்கு ஏறினாள். ஊருக்கு எப்போதாவது வரும் தண்ணீர் லாரியும் அந்த மேட்டுக்கு ஏறாது.

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் இரு ஆனந்து. நீ புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க. மத்த நாலு புள்ளைங்களும் நாலு மைலு நடக்கணும்."

"வூட்டுல குடிக்கவே தண்ணி இல்லீங்கக்கா."

"ஊருல யாரு வூட்டுல இருக்குது? எனக்காவ இரு."

அந்த மனுஷன் தங்கிவிட்டான். ஞானமேரியின் பேச்சைத் தட்ட அந்த ஊரில் ஆள் கிடையாது.

பங்குனி மாதம், காலை வணக்கத்தில் நின்றிருந்த பிளசி அப்படியே சரிந்து விழுந்தாள். உதடு வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், உடம்பில் தண்ணீரே இல்லை, பல நாளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்றார். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் பிளசியின் அம்மா சோபனா அழுதபடி சொன்னாள். "வூட்டுல ஆளுக்கு ஒரு பாட்டிலுதாங்கக்கா, பொழுதுக்கும். அவ பங்க பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போவா. அவ குடிக்கத்தான் எடுத்துக்கிட்டுப் போறான்னு இருந்தோம்."

பிள்ளை குடிக்க வேண்டிய தண்ணீரைத்தான் ஞானமேரி தினமும் உலையில் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிவிட்டு மகராசி என்று வேறு கொஞ்சியிருக்கிறாள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருக்கக் கூடாதா? வண்டு விழுந்த பருப்புக்கு அத்தனை கூச்சல் போட்டவள்!

"கெளம்பிருங்க, ஆனந்து," என்றாள், சுவரோரம் நின்ற மரிய ஆனந்திடம். "நாந்தான் புடிச்சு வச்சேன். தண்ணி இருக்கற ஊருக்குப் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

"பள்ளிக்கூடம்...?"

"பூட்டட்டும்."

அடுத்த திங்கட்கிழமை காலை மினிபஸ்ஸுக்கு அவர்கள் நின்றபோது ஞானமேரியும் போனாள். பிளசி ஓடிவந்து பாட்டிலை நீட்டினாள். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

"சோத்துக்கு, ஆயா."

"வேணாஞ்சாமி. நீ குடி."

"அப்ப சோறு?"

"எங்கிட்ட நெறைய இருக்குது. குடி கண்ணு, என் கண்ணு முன்னாடி குடி."

பிளசி குடித்தாள். பாதி வந்ததும் நிறுத்தி, பாட்டிலைத் தூக்கி அளவு பார்த்து, மூடியை இறுக்கி அவள் கையில் திணித்தாள். "மீதி உனக்கு." அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

ஞானமேரி பள்ளிக்கு வந்தபோது சமையலறை வாசலில் மற்ற நான்கு பிள்ளைகளும் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். யார் பாட்டில் நிறைந்தது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒக்காருங்க. கொண்டாந்ததக் குடிங்க."

ஏமாற்றுகிறாளோ என்று முழித்தார்கள். கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை ஞானமேரி எதிரில் நின்று பார்த்தாள். பிறகு பிளசியின் பாதி பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தாள். அன்று சோறு வேக மணி இரண்டாகிவிட்டது. முட்டையை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வைத்தாள்.