பூசணிக்காய்க்கு யார் பொறுப்பு

அன்று காலை தெருவில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர். எதிர்வீட்டு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. அவர் பெண்சாதி. அப்புறம், எங்கள் வாசலுக்கு நேராக ரோட்டில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா. கூடை கவிழ்ந்து கிடந்தது. சங்கரா மீன் சாக்கடை ஓரம் வரை சிதறியிருந்தது.

சுனாமி வந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். முத்தியால்பேட்டையில் அப்போதுதான் வீட்டுக்கு மாடி எடுத்திருந்தோம். மாடி எடுத்தால் கண் படும். அமாவாசைக்கு அமாவாசை என் வீட்டுக்காரர் பூசணிக்காய் சுற்றி ரோட்டில் போட்டு உடைப்பார். உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட வேண்டும். உடைந்ததை யாரும் தொட மாட்டார்கள். தொட்டவர் மேல் அந்தக் கண் ஏறும். மறுநாள் வாசல் தெளித்தபோது நானும் அதை விட்டுவிட்டுச் சுற்றித்தான் பெருக்கினேன். தெருவே அப்படித்தான் பெருக்கும்.

அமாவாசைக்கு எங்கள் தெருவில் மீன் வாங்க மாட்டோம். மறுநாள் வாங்குவோம். அது தெரிந்து மீன்காரம்மா வீராம்பட்டினத்திலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். தலையில் கூடை. காலடியைப் பார்க்க முடியவில்லை. பூசணிச் சதையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது.

"ஏம்மா, உன் மாடிக்குப் பட்ட கண்ணு மொத்தமும் என் கையில ஏறிடுச்சே" என்றார். அழவில்லை. "பாத்துக்கிட்டு நிக்கிற? நாய் வாய் வைக்கறதுக்குள்ள மீனப் பொறுக்கு."

நான் பொறுக்கினேன். சொல்தா என் வீட்டுக்காரரிடம் கேட்டார். இன்சூரன்ஸை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார்.

"உங்களுக்கு அசுரான்ஸ் எதுல?"

"வண்டிக்குங்களா?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்குங்க? வீடு என்னா ரோட்டுலயா ஓடுது?"

சொல்தா பெண்சாதி குறுக்கே வந்தார். "இவரு தும்முனாக்கூட அசுரான்ஸ்ல சொல்லிட்டுத்தான் தும்முவாரு. முதல்ல ஆட்டோவைக் கூப்புடுங்க."

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். காசு வாங்கவில்லை. ஆனால் ஆறு வாரம் கூடை தூக்கக் கூடாது என்றார்கள். அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லை. ரெண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். கூடை தூக்கினால்தான் அடுப்பு எரியும்.

"சுனாமிக்குக் கவர்மெண்ட்டு குடுத்துச்சி. பூசணிக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். சொல்தா கேட்டது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அது என்னாங்கய்யா, வீட்டுக்கு அசுரான்ஸ்?"

பிரான்சில் குடியிருக்கிறவன் எல்லாரும் வைத்திருப்பானாம். உன் பூந்தொட்டி விழுந்து ஒருத்தன் தலை உடைகிறது. உன் பிள்ளை பந்தடித்து அடுத்த வீட்டுக் கண்ணாடி போகிறது. உன் நாய் கடிக்கிறது. அதற்கெல்லாம் அது பணம் கட்டும். உன் பொருள் போனதற்கு இல்லை. உன்னால் அடுத்தவனுக்குப் போனதற்கு.

"அடுத்தவனுக்கா?"

"அடுத்தவனுக்கு."

"அப்ப நமக்கு என்னா லாபம்?"

"அடுத்தவன் கையி உடைஞ்சதுக்கு நீ மாடிய விக்க வேணாம்."

அவர் பெண்சாதி காபி கொண்டுவந்தார். "அங்க ஒரு வாட்டி எங்க துணி மெஷின் குழாய் பிச்சிக்கிச்சி. கீழ் வீட்டுக்காரி சோபா பூரா தண்ணி. ஏழு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்துனா. இவரு அசுரான்ஸுக்கு ஒரு காயிதம் போட்டாரு. புது சோபா வந்துது. அதுலேர்ந்து என்னைப் பாத்தா அவளே போன்ஜூர் சொல்லுவா."

வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் துளசித் தொட்டி. தண்ணீர்த் தொட்டி மூடிமேல் சும்மா ஒரு செங்கல். தெருப்பக்கம் சாய்ந்த தென்னை, முற்றின காயோடு. இவ்வளவு நாள் அதெல்லாம் என் வீட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெருவில் போகிறவன் தலையும் சேர்ந்து தெரிந்தது.

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எனக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் பாலிசி பிடிக்க ஒரு தம்பி வருவான். அவனைக் கேட்டேன். சிரித்தான்.

"உசுருக்கு இருக்குதுக்கா. வண்டிக்கு இருக்குது. பூசணிக்காய்க்கு எந்தக் கம்பெனியும் போடல."

"கேட்டுட்டு வந்து சிரி."

அடுத்த வாரம் சிரிக்காமல் வந்தான். "இருக்குதுக்கா." வீட்டுப் பாலிசியிலேயே கடைசியாக ஒரு பகுதி, பொதுப் பொறுப்பு என்று. நெருப்புக்கும் திருட்டுக்கும் போடுகிற சிலபேரும் அது எதற்கு என்று கோடு போட்டு அடித்துவிடுவார்களாம்.

"பூசணிக்காய் அதுல வருமா?"

"ஆபீசர்கிட்ட கேட்டேன். வேணும்னே உடைச்சாங்களான்னாரு. வேணும்னே செஞ்சா கிடையாதாம்."

"வேணும்னேதான் உடைச்சோம். கற்பூரம் கொளுத்தி உடைச்சோம்."

"அதான் சிக்கல்."

"பூசணிக்காயைத்தான் வேணும்னே உடைச்சோம். கையை இல்லையே."

அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். "இருங்க, இதையும் கேட்டுட்டு வர்றேன்."

கேட்டுவிட்டு வந்தான். உடைத்தது வேணுமென்றே. அப்படியே விட்டது அஜாக்கிரதை. அஜாக்கிரதைக்குத்தான் அந்தப் பாலிசியே. ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரரே வழுக்கி விழுந்தால் கிடையாது, வெளியாளுக்குத்தான். நடந்து முடிந்ததற்குப் போட முடியாது, இனிமேல் நடப்பதற்குத்தான்.

"இன்னொண்ணுக்கா. பாலிசி இருந்தா நீங்களா எங்க தப்புன்னு ஒத்துக்கக் கூடாது. கம்பெனியைக் கேக்காம காசு தர்றேன்னும் சொல்லக் கூடாது."

அதுதான் எனக்கு விளங்கவில்லை. கை உடைந்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் என்ன பேசுவது? சொல்தாவைக் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ, தண்ணி குடு, எல்லாம் செய். தப்பு யாரு மேலன்னு மட்டும் பேசாத. அதைக் கம்பெனிக்காரன் பேசுவான்" என்றார்.

இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

"நான் சொல்லல? அந்தம்மாவுக்குக் காசு குடுத்தா தப்பு நம்மளுதுன்னு ஆயிடும். ஊரே உடைக்குது. நம்மள மட்டும் எவன் கேக்கறது?"

"அது பாலிசி வச்சிருக்கறவன் பேசுற பேச்சு."

"அதனால?"

"நம்மகிட்டதான் இல்லையே. நாம ஒத்துக்கலாம்ல."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். "நாளைக்கு லீவு சொல்லிடு" என்றார்.

பாலிசியை அப்புறம் எடுத்தோம். கடைசிப் பகுதியை அடிக்கவில்லை.

மறுநாள் வீராம்பட்டினத்தில் அந்தம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியில். இடது கையால் வெங்காயம் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்னா, புருஷனும் பொண்டாட்டியுமா? பிச்சை போட வந்தீங்களா?"

"இல்லக்கா. கூலி குடுக்க."

"கூலின்னா சரி. கணக்கு சொல்றேன், கேட்டுக்க." என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "நல்ல நாள்ல இருநூறு நிக்கும். கெட்ட நாள்ல பஸ்ஸு காசும் நிக்காது. நூத்தி இருவதுன்னு வை. ஆறு வாரம், நாப்பத்திரெண்டு நாளு. வெள்ளிக்கிழமை உங்க தெருவுல எவளும் கதவு தொறக்க மாட்டா. ஆறு வெள்ளியக் கழி."

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நடுவுல ஒரு அமாவாசை வருது."

நான் அவர் காலை மிதித்தேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

"அடப்பாவி. சரி, உன் பூசணிக்காய்க்கும் ஒரு நாள் தள்ளு."

முப்பத்தைந்து நாள். என் வீட்டுக்காரர் எண்ணிக் கொடுத்தார். அந்தம்மா மறுபடி எண்ணச் சொல்லிப் பெரிய பெண்ணிடம் கொடுத்தார். அவள் சத்தமாக எண்ணினாள்.

நாலாயிரத்து இருநூறு.