பிம்ப்ரியில் மல்லிகாவின் கெண்டைக்கால்

1997 மே மாதம். புனே ரயில் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது பிற்பகல் இரண்டு மணி. கோயம்புத்தூரில் முந்தைய நாள் காலை ஏறிய கல்லூரி வாலிபால் அணி நாங்கள். முன்பதிவில்லாத பெட்டியில், பைகளின் மேல் காலை மடக்கிக்கொண்டே வந்து சேர்ந்தோம். பயிற்சியாளர் மட்டும் படுக்கை வசதியில் வந்தார்.

ஆட்டம் நடக்கும் பிம்ப்ரிக்கு நகரப் பேருந்து. பதினைந்து கிலோமீட்டர், ஐந்து ரூபாய். வழியெல்லாம் தொழிற்சாலை மதில்கள். எங்கள் தலைவி மல்லிகா நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகிறவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால்தான் அவள் வீட்டில் மேற்கொண்டு ஆட விடுவார்கள்.

நான்கு மணிக்கு ஆட்டம். உடம்பைச் சூடேற்றக்கூட நேரமில்லை. அந்த ஊர் வெயிலில் வியர்ப்பதே தெரியவில்லை. சட்டையில் உப்புப் பூத்தது மட்டும் தெரிந்தது. புனே அணி ஒவ்வோர் இடைவேளையிலும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடித்தது. மல்லிகா எங்கள் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனாள்.

"நடுவுல தண்ணி குடிச்சா வயிறு கனத்துக்கும். வாயக் கொப்புளிச்சுத் துப்பு" என்றார் பயிற்சியாளர்.

துப்பினாள்.

மூன்றாவது செட்டில் பந்தை அடிக்க எம்பிக் கீழே வந்தவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சதை கல்லாக உருண்டு நின்றது. கத்தாமல் தரையை அறைந்தாள். "எந்திரிச்சு ஓடு, சரியாப் போயிரும்" என்றார் அவர்.

வலைக்கு அடியில் குனிந்து ஓடி வந்தவள் எதிரணி ஜெயந்தி. புனேயை ஒட்டிய கட்கியில், ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; பேச்சில் இந்தி கலந்திருக்கும். மல்லிகாவின் முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை மெல்ல மல்லிகாவின் முகம் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோரா அழுத்தி அமுக்கக் கூடாது. பஸ், போதும், இப்டியே புடிக்கணும். பானி குடிக்கலியாக்கா?"

"குடிக்க விடல."

ஜெயந்தி எங்கள் பயிற்சியாளரை நிமிர்ந்து பார்த்தாள். "உட்கார வைங்க சார். இப்ப ஆடுனா மறுபடி புடிக்கும்."

"உன் டீமப் போய்ப் பாரும்மா."

மல்லிகா ஆடினாள். மறுபடி பிடித்தது. தூக்கிக்கொண்டு போனோம். ஆட்டம் முடிவதற்குள் வேலை தருகிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவளால் விடுதிப் படியில் இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிப் பின்பக்கமாக இறங்கினாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ரயிலில் அவ்வப்போது நடத்திக் கூட்டி வந்தேன்.

கோயம்புத்தூரில் அவள் அப்பா காத்திருந்தார். "உங்க பொண்ணுக்குத் தெம்பு பத்தலைங்க" என்று பயிற்சியாளர் அவரிடம் சொன்னார்.

"தண்ணி குடிக்க விடலீங்க மாமா" என்றேன்.

"சார் பேசறப்ப என்ன குறுக்க?" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இனி மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்களாம். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று, கையை உயர்த்தி ஒருமுறை எம்பிக் காட்டினாள். நல்ல உயரம்.

"என்ன சத்தம் அங்க?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.