சரிபாதியாகப் பிரித்த டிஸ்க்

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லூர்துராஜ் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்தில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போடச் சொல்லி யார் வந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபாதியாகத்தான் பிரிப்பான். ஒரு பாதி சிஸ்டத்துக்கு, மறுபாதி வீட்டாரின் படங்களுக்கு. சிஸ்டம் கெட்டால் அந்தப் பாதியை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம், மற்றது பிழைத்துக்கொள்ளும். லினக்ஸ் சிடியே ஓர் ஏற்பாட்டைத் தயாராகக் காட்டும்: முழு டிஸ்க்கும் ஒரே துண்டு, ஒரு தட்டில் வேலை முடிந்தது. அதை அவன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான்.

"சிஸ்டத்துக்கு எதுக்குங்க பாதி? கொஞ்சம் போதுமே" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டு என்ன பயன்? அவன் அப்பாவும் பெரியப்பாவும் நிலம் பிரித்ததில் ஒரு பங்கு சற்றுக் கூடிப்போய், சாகிறவரை மாதா கோயிலில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். பங்கென்றால் சமம் என்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது.

கடை படுத்ததும் கத்தாருக்கு வேலைக்குப் போனான். மனைவி அக்னஸ், மகள் சான்ட்ராவின் படங்களை, அவன் பிரித்து வைத்துவிட்டுப் போன வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கேமரா கார்டிலிருந்து அழித்துவிடுவாள். ஞானஸ்நானம் முதல் வெள்ளைக் கவுன் போட்டு வாங்கிய புதுநன்மை வரை எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான். ஒரு மழைநாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் போன் போட்டாள்.

"சிடியப் போட்டுட்டேங்க. மொத்த டிஸ்க்கையும் அழிக்கவான்னு கேக்குது."

"அதத் தொடாத. கடைசில இருக்கறதத் தட்டு. என்ன காட்டுது?"

"ரெண்டு துண்டு. ரெண்டும் ஒரே அளவு. எதை அழிக்கணும்?"

லூர்துராஜ் நினைவுபடுத்திப் பார்த்தான். சில மெஷின்களில் சிஸ்டத்தை முதலில் வைப்பான், சிலவற்றில் பின்னால். துண்டுகளுக்குப் பெயரும் போட்டதில்லை. தப்பான பாதியை அழித்தால் பிள்ளையின் படம் ஒன்றுகூட மிஞ்சாது.

"எனக்கு ஞாபகம் இல்ல, அக்னஸ்."



"உங்க தம்பி வீட்டுக்குத் தளம் போட்டுட்டுத்தான் நம்ம வீட்டத் தொட்டீங்க. உங்க தங்கச்சிக்கு வளையல் செஞ்சப்புறம்தான் எனக்கு. நமக்குன்னு எதை மொதல்ல வச்சீங்க? ரெண்டாவதுதான் நம்மது. மொதல்ல இருக்கறத அழிக்கிறேன்."

"இரு, இரு" என்பதற்குள் தட்டிவிட்டாள்.

சிஸ்டம் ஏறி முடிந்தது. சான்ட்ரா வெள்ளைக் கவுனில் நிற்கிற படம் திறக்கிறது என்று அக்னஸ் சொன்னதும் அவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். படங்கள் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் அவள் சொன்னதை இல்லையென்று மறுக்க இனி அவனுக்கு வழியில்லை.