மதினி பேரில் வாங்கிய மாத்திரை

என் வாய் சும்மா இருப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே எல்லோரும் என்னைப் பற்றிச் சொன்னது இதைத்தான். ஆனால் இப்போது நான் சொல்வது வேறு. பேசாத நேரத்திலும் என் தாடை அசைகிறது. உதடு குவிகிறது, விரிகிறது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது. தூங்கும்போது மட்டும் நின்றுவிடுகிறதாம். ஒருநாள் பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை, நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து, ஏலப்பாறை வரும்வரை எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டே வந்தது. அதன் அம்மா என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள்.

இந்த வாயை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். தேயிலை ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்க வருகிற டூரிஸ்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு போய், கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் தூளாகிக் கொட்டுவதையும் காட்டி, கடைசியில் தேநீரை ருசி பார்க்க வைப்பது என் வேலை. தமிழ், மலையாளம், இங்கிலீஷ், தட்டுத்தடுமாறி இந்தி. எந்த பாஷையிலும் அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவேன். ருசி பார்ப்பது எப்படி என்று காட்ட நானும் ஒவ்வொரு கோப்பையிலும் உறிஞ்ச வேண்டும். பால் இல்லை, சீனி இல்லை. வெறும் வயிற்றில் நாள் முழுக்க அந்தக் கசப்பைக் குடித்தால் வயிறு என்ன ஆகும்? காலையில் எழுந்தாலே ஓங்கரிப்பு.

ஃபாக்டரிக்குள் நின்றாலும் நான் எஸ்டேட் ஆள் இல்லை. டூரிஸத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நிரந்தரத் தொழிலாளிக்கும் அவர் பிள்ளைகளுக்கும்தான் மருந்து. என் அண்ணன் மனைவி நிரந்தரம், கொழுந்தெடுக்கிறவள். எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடும் அவள் பேரில்தான். என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு அந்த வீட்டு முன்னறையில் எனக்கும் ஒரு பாய் போட்டுக் கொடுத்தவள் மதினிதான். அண்ணன் அல்ல, மதினி. அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் லயங்களில் ஆள்மாறாட்டம் என்பது ஊரறிந்த ரகசியம். தற்காலிகத் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் நிரந்தரத் தொழிலாளி போய் டிஸ்பென்சரியில் இருமிக் காட்டுவார். ஒருத்தர் நோவை இன்னொருத்தர் சொல்லி மருந்து வாங்கி வருவார். "பிரசவத்த மட்டுந்தான் இவங்களால மாத்திச் செய்ய முடியல" என்று கம்பவுண்டரே கேலி செய்வார். இதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

அப்படித்தான் மதினி எனக்காகப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். பச்சை அட்டையில் ஒரு சின்ன மாத்திரை. போட்டேன், ஓங்கரிப்பு போன இடம் தெரியவில்லை. மகராசி, கைராசிக்காரி என்று மதினியைக் கொண்டாடினேன். அதற்குப் பிறகு மாதாமாதம் பழைய சீட்டைக் காட்டினாலே போதும், அதே பச்சை அட்டை வந்துவிடும். சில வாரங்களுக்கு மேல் சாப்பிடக் கூடாத மாத்திரையை நான் வருஷக்கணக்கில் சாப்பிட்டேன். நிறுத்து என்று சொல்ல வேண்டியவர் எப்போதாவது நிமிர்ந்து பார்த்திருந்தாலும் மதினியின் வாயைத்தான் பார்த்திருப்பார். அது நன்றாகத்தான் இருந்தது.

முதலில் உதட்டில் ஒரு துடிப்பு. டூரிஸ்ட்டுகள் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் கோப்பை கழுவுகிற இடத்தில் இரு என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. கோட்டயத்தில் ஒரு நரம்பு டாக்டர் பச்சை அட்டையைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார், இதுதான் காரணம் என்று. "மாத்திரைய நிறுத்திடுங்க. வாய் நிக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது." மாத்திரையை அன்றே நிறுத்தினேன். வாய் நிற்கவில்லை.

என்னைப் போலவே அந்த மாத்திரையால் கெட்டவர்களைச் சேர்த்து, அதைச் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட ஒரு வக்கீல் முயற்சி செய்கிறார் என்று அங்கே காத்திருந்த இன்னொரு நோயாளி சொன்னாள். தொடுபுழாவில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். வக்கீல் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். வெளிநாட்டில் விற்கிற இதே மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைத்திருக்கிறார்கள், இங்கே விற்றதில் வைக்கவில்லை, அதுதான் வழக்கு என்று புரியும்படி சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கே உள்ளவன் வாய்க்கு ஒரு மதிப்பு, என் வாய்க்கு ஒரு மதிப்பா?

"மருந்து வாங்கின சீட்டு கொண்டுவந்தீங்களா, சேச்சி?" என்று கேட்டாள். கொடுத்தேன். பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது வேற ஆள் பேராச்சே?"

உள்ளதைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தாள். "அப்ப நீங்க ஒரு சத்தியவாங்மூலம் தரணும் சேச்சி. மருந்து இன்னார் பேர்ல வாங்கினது, சாப்பிட்டது நான்னு சத்தியம் பண்ணி எழுதிக் கீழ ஒப்புப் போடணும். அது இல்லாம கோர்ட்ல நிக்காது."

வீட்டில் வந்து சொன்னபோது அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவாமலே யூனியன்காரர் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. மதினிக்கு ரிட்டையர் ஆக ஒரு வருஷம்கூட இல்லை. கள்ளத்தனமாக மருந்து வாங்கினாள் என்று விசாரணை வைத்தால் சர்வீஸ் பணத்தில் கைவைத்துவிடுவார்கள், எப்போது சாக்குக் கிடைக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாராம் யூனியன்காரர். அந்தப் பணம் வந்தால்தான் லயத்தைக் காலி செய்துவிட்டுக் கம்பம் பக்கம் ஒரு ஓட்டு வீடாவது பார்க்க முடியும். வராவிட்டால் மூன்று பேரும் தெருவில்தான்.

அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னார். "சீட்டு இவ பேர்லதான இருக்கு? அப்ப இவளே கேஸ்ல சேரட்டும். வாய் கோணிப்போச்சுன்னு சொன்னாப் போச்சு."

"கோர்ட்ல வாயக் காட்டச் சொன்னா?" என்றாள் மதினி.

"ஒன் எதுத்தாப்லதான ஒக்காந்துருக்கா. பாத்துப் படி."

விளையாட்டா வினையா என்று எனக்குத் தெரியவில்லை. மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். என் வாயையே பார்த்தாள். உதட்டைக் குவித்தாள், விரித்தாள், நாக்கை எட்டிப் பார்க்க விட்டாள். அப்படியே என்னை உரித்து வைத்ததுபோல் இருந்தது. டிஸ்பென்சரியில் இத்தனை வருஷம் நடித்தவள் அல்லவா? அண்ணன் வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. மதினிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரவே வாயைப் பொத்திக்கொண்டு நிறுத்திவிட்டாள். நான் மட்டும் நிறுத்தவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு அடங்கியது. மதினி எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

கேஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த முன்னறையை விட்டால் எனக்குப் படுக்க இடமில்லை, அவ்வளவுதான். வக்கீல் போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்காமல் விட்டேன். மனசுக்குள் மட்டும் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரனை, டாக்டரை, குத்தகைக்காரனை. நல்லது செய்து என் வாயைக் கட்டிப்போட்ட மதினியையும்தான். கெட்டவர்கள் கெடுத்திருந்தால் வாய் நிறையச் சாபம் விட்டுப்போயிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள். போடிப் பக்கத்துப் பெண், கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தற்காலிகமாக மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடி ஓடி அவளுக்கும் ஓங்கரிப்பாம். மதினி அலமாரியைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பச்சை அட்டை.

"மதினி, அது எப்படி இன்னும் இங்க இருக்கு?"

"என் பேருக்கு மாசாமாசம் குடுக்காங்க. வேண்டாம்னு சொன்னா, இத்தன நாள் எதுக்கு வாங்குனேன்னு கேக்க மாட்டாங்களா?"

"அதக் குடுக்காதீங்க."

"ஒரு வாரத்துக்குத்தானட்டி."

"எனக்கும் ஒரு வாரத்துக்குன்னுதான் குடுத்தீங்க."

மதினியின் முகம் சிவந்துவிட்டது. "ஒனக்கு வாங்கிக் குடுத்தப்ப நான் மகராசி. இப்ப வெசம் வச்சவளா? ஒனக்கு ஒத்துக்கல. அதுக்காக ஊருக்கே ஒத்துக்காதா?"

நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "என் வாயப் பாரு தாயி. இந்த மாத்திரைதான் இப்படி ஆக்குச்சு."

அவள் பாவமாகப் பார்த்தாள். "ஒங்களுக்குக் காத்துக்கருப்பு அடிச்சிருச்சுன்னுல்லக்கா ஒங்க மதினி சொன்னாங்க?" அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மதினி என்னைப் பார்க்கவில்லை. பயத்தில் சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியும். மாத்திரை என்று வாய் தவறிச் சொன்னால் யாருக்கு வாங்கின மாத்திரை என்ற கேள்வி வரும். அதனால் பேய் மேல் பழியைப் போட்டுவிட்டாள். பேய்க்கு ரிட்டையர்மெண்ட் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் புரிந்தது. டிஸ்பென்சரியின் கணக்கில், அதற்கு மேலே கம்பெனியின் கணக்கிலும், மதினி அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறவள். அந்தக் கணக்கில் நான் எங்கேயும் இல்லை. நாளைக்கு இந்தப் பெண்ணும் அதில் இருக்க மாட்டாள்.

மறுநாள் வக்கீலைக் கூப்பிட்டு வருகிறேன் என்றேன். வீட்டில் மறைக்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அண்ணன் வாசலில் நின்று என் செத்துப்போன வீட்டுக்காரர் வரை இழுத்துத் திட்டினார். மதினி திட்டவில்லை. என் பாயைச் சுருட்டி, துணிப்பையை அதன் மேல் வைத்து, வெளித் திண்டில் கொண்டுவந்து வைத்தாள். "போற எடத்துல சாப்புட்டுக்க" என்று மட்டும் சொன்னாள்.

வக்கீல் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தாள். ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். "மருந்து யார் பேர்ல வாங்கினதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க சேச்சி. அத எழுதினா ஒப்புப் போட்டுரலாம்" என்றாள்.

எங்களில் அண்ணன் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எனக்கு மதினி. மற்றவர்களிடம் பேசும்போதும் மதினிதான். என் தாடை அசைந்தது, உதடு குவிந்து விரிந்தது. நான் சொல்ல வருகிறேன் என்று நினைத்து வக்கீல் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

பிறகு சொன்னேன். அவள் பேரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.